கால் நனையாத பையன்: குமரி மாவட்டத்தில் ஐந்து நாள்

முதல் நாள், வியாழன்

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் ரயில் நுழைகிறபோதே காற்றாலைகள் தொடங்கிவிட்டன. மேல் பர்த்திலிருந்து இறங்கி ஜன்னலைப் பிடிப்பதற்குள் முப்பது நாற்பது கடந்துபோயிருக்கும். பென்சிலை எடுத்தேன். ஓடுகிற ரயிலில் மைப்பேனாவைத் தொடமாட்டேன். ஒருமுறை விழுப்புரம் தாண்டி ஒரு குலுக்கலில் எதிர் சீட்டுக்காரரின் வெள்ளை வேட்டியில் நீளமாக ஒரு கோடு இழுத்துவிட்டேன். செங்கல்பட்டு வரை அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

நாகர்கோவிலில் இறங்கி, வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு லாட்ஜில் அறை எடுத்தாயிற்று. மேலே மழை இல்லை, மேற்கே மலைக்கு மட்டும் ஒரு சாரல் திரை.

எதற்காக வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் போடுவது என் தொழில். மூன்று வருடம் முன்பு ஒரு கதைக்குப் படம் வரைந்தேன். முட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர், அப்பாவோடு கட்டுமரத்தில் முதன்முறையாகக் கடலுக்குப் போகும் ஒரு பையன். படம் எல்லாருக்கும் பிடித்திருந்தது, எனக்கும்தான். அப்புறம் சென்னையில் மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அந்தக் கதையைப் படித்துக் காட்டினோம். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கி, “அக்கா, இவன் காலு ஏன் நனையவே இல்ல?” என்று கேட்டாள்.

பார்த்தேன். நான் வரைந்திருந்தது ஒரு படகு. பையன் அதற்குள், கிண்ணத்தில் வைத்த பொம்மை மாதிரி, உலர்ந்த கால்களோடு உட்கார்ந்திருந்தான். கட்டுமரம் என்ற சொல் இங்கிருந்துதான் ஆங்கிலத்துக்குப் போனது என்று பெருமை பேசத் தெரியும். ஆனால் அங்கே போன சொல் இரண்டு உடல் கொண்ட உல்லாசப் படகுக்குப் பெயராகிவிட்டது. இணையத்தில் அந்த ஆங்கிலச் சொல்லைப் போட்டுத் தேடினால் வெள்ளைப் பாய்மரமும் சொகுசு அறையும்தான் வரும். அந்தக் குப்பையில் பாதியும் என் கற்பனையில் பாதியும் சேர்த்து ஒப்பேற்றியிருக்கிறேன். இப்போது இரண்டாம் பதிப்பு வருகிறது. நாலு பக்கத்தை மாற்றி வரைந்து தர அனுமதி கிடைத்திருக்கிறது.

மாலையில் சுசீந்திரம் போனேன். தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்து 134 அடி கோபுரத்தை விட்டுவிட்டு, படியில் துணி பிழிந்துகொண்டிருந்த ஒரு அம்மாவின் முழங்கையை மட்டும் வரைந்தேன். என் ரசனை அப்படித்தான்.

இரண்டாம் நாள், வெள்ளி

தோவாளைப் பூச்சந்தைக்கு விடிவதற்கு முன்னாலேயே போய்விட வேண்டும் என்று லாட்ஜ்காரர் சொல்லியிருந்தார். நாலரைக்கு ஆட்டோ. ஓணத்துக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது என்பதால் சந்தை முழுக்க கேரளத்துக்குப் போகும் சரக்கு. வாடாமல்லி மூட்டைகள், மஞ்சளும் ஆரஞ்சுமாகச் செண்டுமல்லி, ஈரச் சாக்குக்கு நடுவே பிச்சி, தாமரை மொட்டுக் கட்டுகள். நிறத்தைப் பார்த்து மயங்கி வண்ணப்பெட்டியைத் திறந்தால் வேலைக்கு ஆகாது என்று அனுபவம் சொல்லும். சந்தையில் யாரும் அரை நிமிடத்துக்கு மேல் ஒரே நிலையில் நிற்பதில்லை. நான் செய்வது இதுதான்: ஒரு பக்கத்தில் ஆறேழு உருவங்களை ஒரே நேரத்தில் தொடங்கிவிடுவேன். தராசு பிடித்தவர் குனிந்தால் முதல் படத்துக்கு ஒரு கோடு, அவர் நிமிர்ந்தால் மூன்றாவது படத்துக்கு ஒரு கோடு. மனிதர்கள் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பத்தான் செய்கிறார்கள், காத்திருந்தால் அதே வளைவு மறுபடி வரும். ஒரு மணி நேரத்தில் ஏழு பேரில் நாலு பேர் தேறினார்கள்.

என் வண்ணப்பெட்டி பள்ளிக்கூடத்து ஜியோமெட்ரி பாக்ஸ்தான். உள்ளே ஆறு குட்டிக் கிண்ணங்களை ஒட்டிவைத்திருக்கிறேன்: இரண்டு நீலம், இரண்டு மஞ்சள், ஒரு காவி, ஒரு சிவப்பு. கறுப்பு கிடையாது, பச்சையும் கிடையாது. டப்பாவிலிருந்து நேராக எடுத்த பச்சை எந்த ஊர் வாழையிலும் எனக்கு ஒட்டியதில்லை. கலந்துதான் வர வேண்டும். இதைப் பார்த்த ஒரு பூக்கடைப் பையன், “டீச்சரா?” என்றான். இந்த மாவட்டத்தில் கையில் நோட்டுப் புத்தகம் வைத்திருக்கும் பெண் எல்லாருமே டீச்சர் போல.

விடிந்தபிறகு, சந்தைக்குப் பின்தெருவில் மாணிக்கமாலை கட்டுகிற வீடு ஒன்றில் உட்கார இடம் கிடைத்தது. 2025இல் புவிசார் குறியீடு கிடைத்த மாலை இது. படத்தில் பார்த்தால் ஏதோ மணி கோத்த மாதிரி இருக்கும். நேரில் பார்த்தால் அது அரளி. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, பச்சைக்கு நொச்சி இலை. அந்த வீட்டுக்கார அக்கா பூவை உள்பக்கமாக மடித்து, நாரில் வைத்து, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துகிறார். பூ பூவாக இருப்பதை நிறுத்திவிட்டுச் சதுரக் கல் மாதிரி ஆகிவிடுகிறது. அடுத்தது, அடுத்தது. வரிசை ஒரு விரற்கடை கோணவில்லை.

எதைப் பார்த்தாலும் முதல் பத்து நிமிடம் வரையாமல் இருப்பது என் பழக்கம். பேனாவை மூடியே வைத்திருப்பேன். அங்கே பத்து நிமிடம் அரை மணியாகிவிட்டது. அவருடைய வலது கையைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். வேலை முழுக்க இடது கையில் நடக்கிறது. இடது சுண்டுவிரல் நாரை இழுத்துப் பிடித்திருக்கிறது, மோதிரவிரல் முந்தைய வரிசையை நகராமல் தாங்குகிறது. வலது கை சும்மா பூவை எடுத்துக் கொடுக்கிறது. “எப்பிடி இவ்வளவு இறுக்கமா வருது?” என்று கேட்டேன். “இறுக்குனா பூ ஒடஞ்சிரும் மக்ளே. இறுக்காம இழுக்கணும்” என்றார். வரைந்த பக்கத்தின் ஓரத்தில் அதையும் எழுதிவைத்தேன். எப்போதும் படத்தின் பக்கத்தில் காற்று, மணம், யார் என்ன சொன்னார்கள் என்று கிறுக்கிவைப்பேன். வீட்டுக்குப் போய்ப் பார்க்கும்போது கோட்டைவிட அந்தக் கிறுக்கல்தான் அதிகம் உதவுகிறது.

மக்ளே, மக்கா, மக்களே. ஒற்றை ஆளான என்னைப் பன்மையில் கூப்பிடும் இந்த ஊர் வழக்கம் ஒரே நாளில் பழகிவிட்டது.

மூன்றாம் நாள், சனி

பத்மநாபபுரம் அரண்மனை, தக்கலைக்குப் பக்கம். திருவிதாங்கூரின் தலைநகரம் 1795 வரை இங்கேதான் இருந்தது. 1956இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும் அரண்மனையைக் கேரள அரசுதான் பராமரிக்கிறது. திங்கள் விடுமுறை, மதியமும் பூட்டிவிடுவார்கள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும், அதனால் இந்த அரண்மனையை முதலில் பார்ப்பது பாதங்கள்தான். கறுத்து வழவழத்த தரை. சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் போட்டது என்று வழிகாட்டி சொன்னார். காலடியில் குளிர்ந்தது, ஜன்னலின் மரக்கம்பிகள் அதில் தலைகீழாக விழுந்திருந்தன. அந்தக் கறுப்பை எப்படி வரைவது? கறுப்பு வண்ணம் வைத்துக்கொள்ளாததற்காக ஒரு நிமிடம் வருந்தினேன். பிறகு நீலத்தையும் காவியையும் கெட்டியாகக் கலந்து, ஈரம் காயும் முன் ஜன்னல் வெளிச்சத்துக்கு ஒரு வெள்ளைக் கீற்றை விட்டேன். பரவாயில்லை.

முன்முகப்பான பூமுகத்தின் மரக்கூரையில் 90 பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள், ஒன்று போல் இன்னொன்று கிடையாது. எண்ணத் தொடங்கி முப்பத்தேழில் கழுத்து பிடித்துக்கொண்டது. அங்கே தொங்குகிற குதிரை விளக்கு முன்னால் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். நான் அரண்மனையின் இன்னொரு கட்டடமான தாய்க்கொட்டாரத்துக்குப் போய்விட்டேன். ஒற்றைப் பலாமரத்தில் கடைந்த தூண் ஒன்று அங்கே இருக்கிறது. தூணின் செதுக்கலை அப்படியே எடுத்து வரைய எனக்குப் பொறுமை போதாது. அதற்கெல்லாம் சில்பி மாதிரி ஆள் வேண்டும். கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பத்துக்கு எதிரே உட்கார்ந்து, நகைகளின் மணி வரை விடாமல் வரைந்த மனிதர். அந்தப் பெயரையே அவருக்கு வைத்தவர் இன்னொரு ஓவியர், மாலி. என் அப்பா பழைய வாரப் பத்திரிகைகளைக் கத்தரித்து பைண்டு செய்து வைத்திருந்தார். அதில் சில்பியை மரியாதையோடு புரட்டுவேன், கேலிச்சித்திரம் போட்ட கோபுலுவை நொறுக்குத்தீனி மாதிரி தின்பேன். கோபுலுவின் ஆட்கள் உட்காரும்போது உட்காருகிற இடம் அழுந்தும். சாய்வு நாற்காலியின் துணி தொய்ந்திருக்கும், திண்ணையில் காலைத் தொங்கவிட்டால் செருப்பு ஒன்று பாதி கழன்றிருக்கும். கனம் தெரிய வேண்டும் என்ற புத்தி எனக்கு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். அப்படி இருந்தும் கட்டுமரத்தில் கோட்டைவிட்டேன்!

அரண்மனையில் நான் அதிகம் வரைந்தது கூரையின் அடிப்பக்கம். கூரையைத் தாங்கும் சாய்வு மரங்களான கழுக்கோல்கள் வரிசையாகச் சரிந்து வருகின்றன. ஒவ்வொன்றிலும் துளையிட்டு, ஊடே ஒரு மரச்சட்டத்தைக் கோத்துப் பிடித்திருக்கிறார்கள். மூலையில் இரண்டு சரிவும் சந்திக்கும் இடத்தில் கழுக்கோல்கள் விசிறி மாதிரி விரிகின்றன, சட்டமும் அதோடு வளைந்து போகிறது. மூன்று முறை தப்பாக வரைந்தேன். அழிரப்பர் வைத்துக்கொள்வதில்லை என்பதால் தப்பு மூன்றும் அப்படியே பக்கத்தில் இருக்கின்றன. நாலாவது சரியாக வந்தபோது, பள்ளிச் சுற்றுலா வந்த பையன்கள் என்னைச் சுற்றி நின்று, நான் அண்ணாந்து பார்ப்பதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு வந்த சார் மட்டும் குதிரை விளக்கைக் காட்டக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

மதியத்துக்கு மேல் மாத்தூர் தொட்டிப்பாலம். காமராஜர் ஆட்சியில் தொடங்கிய வேலை, 1966இல் முடிந்தது. பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் 28 தூண்களின் மேல் ஒரு வாய்க்கால் நடந்து போகிறது. பிரமாண்டம்தான். நடந்தேன், எட்டிப் பார்த்தேன், வயிறு கலங்கியது, திரும்பினேன். படம் இல்லை. பெரிய பொருள்கள் என் பேனாவுக்கு வருவதில்லை.

வழியில் ஒரு பெட்டிக்கடையில் மட்டிப்பழம். விரல் நீளம்தான், தோல் தாள் மாதிரி. ஆறு தின்றேன்.

நான்காம் நாள், ஞாயிறு

தப்பான நாளில் வந்துவிட்டேன் என்று நினைத்தேன். முட்டம் தாண்டி ஒரு கடற்கரை ஊர் (பெயர் வேண்டாம், கதையில் வரும் ஊரும் பெயரில்லாததுதான்). ஞாயிற்றுக்கிழமை இங்கே யாரும் கடலுக்குப் போவதில்லை, பூசை நாள். ஃபைபர் வள்ளங்கள் எல்லாம் மணலில் மூக்கை நீட்டிக் கிடந்தன, எஞ்சின்களுக்குச் சாக்கு போட்டு மூடியிருந்தார்கள். கோயில் மணி அடித்தது. இங்கே கோயில் என்றால் தேவாலயம்.

வள்ளங்கள்தான் எங்கும். கட்டுமரம் எங்கே? டீக்கடையில் விசாரித்தால், “இப்ப யாரு மரத்துல போறா” என்றார்கள். பிறகு ஒரு பையன் கூட்டிக்கொண்டு போய் ஒரு பெரியவரிடம் விட்டான். எழுபதைத் தாண்டியிருப்பார். தென்னை நிழலில் கிழிந்த வலையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மணலில் நாலு கட்டைகள் தனித்தனியாகக் கிடந்தன.

“எங்கேருந்து வாற மக்ளே?”

“சென்னையிலருந்து, தாத்தா. கட்டுமரம் பாக்கணும்.”

“அந்தா கெடக்கே.”

அதுதான் கட்டுமரமா? எனக்குத் தெரிந்தது கட்டிய மரம் மட்டும்தான். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைக் காயப்போட்டுவிடுவார்களாம். அப்படியே விட்டால் மரம் நீரைக் குடித்துக் கனத்துப்போகும். என் புத்தகத்தில் நாலாம் பக்கத்தில், அழகாக, கரையில் ஒரு முழுக் கட்டுமரம் நிலா வெளிச்சத்தில் தூங்குகிறது. அந்தப் பக்கமும் போச்சு.

புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். தாத்தா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நிதானமாகப் புரட்டினார்.

“படம் கொள்ளாம். இது வள்ளம்லா?”

“கட்டுமரம்னு நெனச்சு வரைஞ்சேன்.”

“உள்ள இருக்கானே பய.” விரலை அந்தப் பையன் மேல் வைத்தார். “மரத்துல உள்ளன்னு ஒண்ணு கெடையாது. எல்லாம் மேலதான். வெள்ளம் மேல வரும், இடுக்கு வழியா கீழ போவும். அதான் முங்காது.”

வெள்ளம் என்றால் இங்கே வெறும் தண்ணீர். காசிமேட்டுப் பெண் கேட்டதற்கு மூன்று வருடம் கழித்துப் பதில் கிடைத்தது.

அப்புறம் அவரே எழுந்து, பையனைக் கூப்பிட்டு, கட்டைகளை நெருக்கிப் போட்டுக் காட்டினார். நடுவில் இரண்டும் கொஞ்சம் தாழ்ந்து, ஓரத்து இரண்டும் கொஞ்சம் உயர்ந்து, ஏந்திய உள்ளங்கை மாதிரி ஒரு குழிவு. முன்பக்கம் ஒடுங்கி மேலே தூக்கியிருக்கிறது, அது அணியம். கட்டு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, அவ்வளவுதான். குறுக்கே ஒரு துண்டு மரத்தை வைத்து அதன்மேல் கயிறு ஏறி இறங்குகிறது. “ஆணி அடிச்சா என்ன?” என்று கேட்டேன். அலை அடிக்கும்போது கட்டைகள் ஒன்றோடொன்று கொஞ்சம் அசைந்து கொடுக்க வேண்டுமாம், விறைப்பாக இருந்தால் பிளந்துவிடும். தோவாளை அக்கா நினைவுக்கு வந்தார். இறுக்காமல் இழுக்கணும்.

துடுப்பு எங்கே என்றேன். “தொளவை” என்று திருத்தினார். அதைக் கையில் வாங்கிக்கொண்டு மணலில் முட்டி போட்டு, குதிகால் மேல் உட்கார்ந்து, இடமும் வலமுமாக இரண்டு வலி வலித்துக் காட்டினார். எழுபது வயது ஆளின் முதுகு அந்த நேரம் முப்பது வயதுக்குப் போய்விட்டு வந்தது. அவர் எழுந்தபோதுதான் பார்த்தேன். இரண்டு பாதங்களின் மேல்பக்கம், விரல்கள் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, தோல் தடித்துக் கறுத்து உள்ளங்கால் மாதிரி ஆகியிருந்தது. முட்டியிலும் அதே தடிப்பு. ஈரக் கட்டைமேல் அத்தனை வருடம் உட்கார்ந்த இடம். பாதத்தின் மேல்பக்கத்தில் காய்ப்பு இருக்கும் என்று எந்தப் புகைப்படத்தைப் பார்த்து வரைந்திருப்பேன்? ஒரு முழுப் பக்கத்தை அந்தப் பாதத்துக்கே கொடுத்தேன். வளைந்த நிப் பேனா இதற்குத்தான் சரி: சாய்த்தால் தடித்த கோடு, நிமிர்த்தினால் முடி போன்ற கோடு. தடிப்பின் ஓரத்துக்குச் சாய்த்தேன், வெடிப்புகளுக்கு நிமிர்த்தினேன். தாத்தாவுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. “மொகத்த விட்டுட்டு காலப் போடுது பாரு” என்று மகளிடம் சொன்னார்.

மகள் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும் சாப்பிட்டேன். பணம் பற்றிப் பேச்செடுத்ததும் கோபித்துக்கொண்டார்கள். அவருடைய பேத்திக்கு ஒரு சாளையை வரைந்து கொடுத்துவிட்டு வந்தேன். செதிலைக் கூட்டிப் போட்டுவிட்டேன் என்று அவளும் ஒரு திருத்தம் சொன்னாள்.

ஐந்தாம் நாள், திங்கள்

இருட்டோடு மறுபடி அங்கே. தூறல். தாத்தா கடலுக்குப் போவதை விட்டு வருடங்கள் ஆகிவிட்டன. அந்த மரத்தில் போவது அவர் தம்பி மகனும் இன்னொருவரும். டார்ச் வெளிச்சத்தில் கட்டினார்கள். நான் நேற்றுப் பார்த்துப் புரிந்துகொண்டதாக நினைத்த கட்டு இரண்டே நிமிடத்தில் முடிந்துவிட்டது, எதையும் பிடிக்க முடியவில்லை. மணலில் தள்ளிக்கொண்டு போய், இடுப்பளவு தண்ணீரில் ஏறினார்கள். முதல் அலை அவர்களுக்கு மேலேயே ஏறி இறங்கியது. ஒரு கணம் மரமே தெரியவில்லை, இரண்டு மனிதர்கள் தண்ணீர்மேல் முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. அடுத்த கணம் இடுக்குகளில் வெள்ளம் வடிந்து, கட்டைகள் பளபளத்து மேலே வந்தன.

இதுதான் என் அட்டைப்படம். பையன், அப்பா, தண்ணீர். மரம் பாதிதான் தெரிய வேண்டும்.

அவசரத்தில் தண்ணீர் பாட்டிலை லாட்ஜில் வைத்துவிட்டு வந்திருந்தேன். அலை காலுக்கு வந்தபோது பிரஷ்ஷை அதிலேயே நனைத்து, நீலத்தைக் குழைத்து இழுத்துவிட்டேன். உப்புநீர் வண்ணத்தைச் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் திரட்டியது, அலையின் நுரை தானாக வந்தது. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

தாத்தா குடையோடு வந்து பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அணியத்துக் கட்டின் மேல் விரல் வைத்து, “இப்பிடிச் சுத்துனா ரெண்டாம் அலையில அவுந்துரும்” என்றார். என் நோட்டுப் புத்தகத்தை வாங்கி, என் பேனாவால், என் படத்துக்குப் பக்கத்திலேயே கயிறு எப்படிப் போக வேண்டும் என்று போட்டுக் கொடுத்தார். நடுங்கிய கோடுதான். ஆனால் எந்தச் சுற்று மேலே, எது கீழே என்பதில் சந்தேகமே இல்லாத கோடு.

சாயங்காலம் நாகர்கோவிலில் ரயில் ஏறினேன். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பக்கம் பிசுபிசுத்தபடியே இருக்கிறது. நோட்டை மூடினால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும், எதிர்ப்பக்கத்தில் தாத்தாவின் பாதம் இருக்கிறது. அதனால் திறந்தபடி மடியில் வைத்திருக்கிறேன். விருதுநகர் தாண்டிவிட்டது. எதிர் சீட்டுக்காரர் வெள்ளை வேட்டி. கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்திருக்கிறேன்.